‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கல்லூரியில் பார்த்தால் பத்தில் ஒருத்தர் அந்த முக்கோணக் கண்ணாடிப் படம் போட்ட பனியனோடு திரிகிறார். சரி, அப்படி என்னதான் என்று பிங்க் ஃப்ளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் இந்த ஆல்பத்தைப் போட்டால் முதலில் இதயத் துடிப்பு, அப்புறம் யாரோ சிரிக்கிறார், அப்புறம் ஒரு கடை நிறையக் கடிகாரங்கள் கத்துகின்றன, பாட்டு வருவதற்குள் உங்களுக்குத் தூக்கம் வந்துவிட்டது. 1973இல் வந்த இதை இன்னும் ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்?

நியாயமான கேள்விதான். முதல் தடவை நானும் தூங்கிப்போனவன். பதினெட்டு வயது, விடுதி அறை, மூன்று கை மாறி வந்த கேசட். இரைச்சலுக்குள் பாட்டைத் தேட வேண்டியிருந்தது. ஒரு பக்கம் ஓடி முடிந்து பிளேயரின் பொத்தான் ‘டக்’ என்று எழும்பிய சத்தத்தில்தான் விழித்தேன். கேசட்டைத் திருப்பிப் போடவில்லை. பிற்பாடு ஒலிப்பதிவே பிழைப்பாகிவிட்டது. புது ஸ்பீக்கர் வந்தால், புது ஹெட்போன் வந்தால், முதலில் போட்டுப் பார்ப்பது இந்த ஆல்பத்தைத்தான். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி இது: அந்த ஆல்பத்தில் காலி இடம் நிறைய. அடிக்கும் அடிக்கும் நடுவே, வரிக்கும் வரிக்கும் நடுவே, ஏன், அட்டையில்கூட. கேட்பவர் தன் பாரத்தைக் கொண்டுவந்து அங்கே இறக்கிவைத்துக்கொள்ளலாம். உங்களுக்குத் தூக்கத்தை வரவழைத்ததும் அந்தக் காலி இடம்தான், ஐம்பது வருடமாக ஆட்களைத் திரும்ப இழுப்பதும் அதுதான்.

அது தானாக அமைந்ததில்லை. மேடையில் வாசித்து வாசித்துக் கழித்ததில் வந்தது. இந்த இடத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பாட்டை ரிக்கார்டு பண்ணி வெளியிட்டுவிட்டு ஊர் ஊராகப் போய் வாசிப்பதுதான் ராக் உலகத்து வழக்கம். இவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். 1971 கடைசியில் லண்டன் கேம்டன் பகுதியில் டிரம்மர் நிக் மேசன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசும்போது, பாஸ் கிட்டார் வாசிக்கும் ரோஜர் வாட்டர்ஸ் ஒரு யோசனை சொன்னார்: மனிதனைப் போட்டு அழுத்துகிற சங்கதிகளை வைத்து ஒரே தொடர்ச்சியாக ஓர் ஆல்பம். நேரம், பணம், ஓயாத பயணம், சாவு, புத்தி பேதலிப்பது. 1972 ஜனவரி 20 அன்று பிரைட்டன் நகரத்து அரங்கில் அதை முதன்முதலாக வாசிக்கப் போனார்கள். பாதியில் கருவிகள் காலை வாரிவிட, நிறுத்திவிட்டார்கள். மறுநாள் போர்ட்ஸ்மவுத்தில் முழுவதும் வாசித்தார்கள். ஆல்பம் வெளிவந்தது 1973 மார்ச்சில். ஒரு வருடத்துக்கு மேலாக, கடையில் கிடைக்காத ஒரு படைப்பை ஜனங்கள் முன்னால் வாசித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். இன்று ‘ஆன் தி ரன்’ என்று சிந்தசைசர் விர்ரென்று ஓடுகிறதே, மேடையில் அது முதலில் கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்து நீட்டி முழக்குகிற ஒரு வாசிப்பு. ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ இருக்கும் இடத்தில் ஆர்கன் இசையும், பைபிள் வாசிப்பும், மதப் பேச்சின் ஒலிப்பதிவும் இருந்தன. இரண்டையும் தூக்கிவிட்டார்கள். பிரசங்கம் போன இடத்தில் சொல்லே இல்லாத ஒரு பெண்குரல் வந்து உட்கார்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் காலத்து ஆங்கில ராக்கை நினைத்துப் பாருங்கள். யார் விரல் வேகமாக ஓடுகிறது என்ற போட்டி உச்சத்தில் இருந்த நேரம். ஃப்ளாய்ட் நால்வரில் யாரும் அந்த மாதிரிக் கைவித்தைக்காரர் இல்லை. அது அவர்களுக்கே தெரியும். நிக் மேசன் தேவைக்கு மேல் ஓர் அடி அடிக்க மாட்டார். ‘பிரீத்’ பாட்டில் பாதிக்கு மேல் இரண்டே கார்டுதான் (கார்டு என்றால் பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டு), மாறி மாறி, ஊஞ்சல் மாதிரி. அதில் ஓர் இடத்தில் மட்டும் மனசை லேசாகப் பிசைகிற ஒரு கார்டு வரும். மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட ஜாஸ் ஆல்பத்தில் கேட்டு எடுத்தது என்று கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டே சொல்லியிருக்கிறார். டேவிட் கில்மரின் கிட்டார் ஒரு சுரத்தைப் பிடித்தால் அதை வளைத்து, நிறுத்தி, அது தேய்ந்து போகும்வரை விட்டுப் பார்க்கும். ‘டைம்’ பாட்டில் மனிதக் குரல் வர சுமார் இரண்டரை நிமிடம் ஆகும். அதுவரை கடிகாரம், பிறகு தூரத்தில் இடி உருளுவது மாதிரி மேசனின் ரோட்டோடாம் என்ற டிரம். இன்றைக்கு ஒரு தயாரிப்பாளரிடம் இதைக் கொண்டுபோனால் முதல் இரண்டு நிமிடத்தை வெட்டச் சொல்வார். வெட்டினால் பாட்டு செத்துவிடும். நேரத்தைப் பற்றிய பாட்டு உங்களைக் காக்க வைக்காமல் எப்படிப் பாடும்?

அந்தக் கடிகாரங்களை ஆல்பத்துக்காகப் பதியவில்லை என்பது வேடிக்கை. ஆபி ரோடு ஸ்டூடியோவின் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ், நான்கு ஸ்பீக்கரில் ஒலிக்கும் முறையைச் செய்து காட்டுவதற்காகப் பழைய கடிகாரக் கடை ஒன்றுக்குப் போய் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பதிந்து வைத்திருந்தார். ‘டைம்’ என்று ஒரு பாட்டு வந்ததும் எடுத்துக் கொடுத்தார். பார்சன்ஸுக்கு அப்போது வாரச் சம்பளம் 35 பவுண்டு. இந்த ஆல்பம் எத்தனை கோடி சம்பாதித்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எண்தான் ஞாபகம் வரும்.

சத்தம் என்று வந்துவிட்டதால் ‘மணி’ பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் காசு கொட்டுவது, கல்லா திறப்பது, காகிதம் கிழிவது எல்லாம் தாளம் தப்பாமல் சுற்றி வருமே, அதற்கு அன்று கம்ப்யூட்டர் கிடையாது. டேப்பில் ஒவ்வொரு சத்தத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து, ஒரே நீளமாக வெட்டி, ஒட்டி, வளையமாக்கி ஓட விட்டார்கள். வாட்டர்ஸின் அப்போதைய மனைவி மண்பாண்டம் வனைபவர். அவருடைய பெரிய கலவைக் கிண்ணத்தில் சில்லறையை வீசிச் சத்தம் எடுத்தார் வாட்டர்ஸ். மொத்தம் ஏழு சத்தம், பாட்டும் ஏழு எண்ணிக்கை. மேற்கத்திய ராக் ரசிகனுக்கு ஏழு என்பது நொண்டி நடை. மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு அது வீட்டுக்குள் நடப்பது மாதிரி. எனக்கு இந்த ஆல்பத்தில் முதலில் ஒட்டிக்கொண்ட பாட்டு அதனாலேயே இதுதான். கிட்டார் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது தாளம் நாலுக்கு மாறி, திரும்பப் பாட்டு வரும்போது ஏழுக்கு வந்துவிடும். அந்த மாற்றத்தை விரலை மடக்கி எண்ணிக்கொண்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஆல்பத்தின் உயிர் எங்கே என்று என்னைக் கேட்டால், கருவிகளைச் சொல்ல மாட்டேன். நடுநடுவே முணுமுணுக்கிற அந்தக் குரல்களைச் சொல்வேன்.

வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகளை எழுதினார். முதலில் சும்மா, பிடித்த நிறம் என்ன மாதிரி. போகப் போகக் கத்தி உள்ளே இறங்கும். கடைசியாக நீங்கள் கை ஓங்கியது எப்போது? அப்போது நியாயம் உங்கள் பக்கம் இருந்ததா? சாவைக் கண்டு பயமா? ஸ்டூடியோவில் அகப்பட்டவர்களை எல்லாம் மைக் முன்னால் உட்கார வைத்து, அட்டையைப் பார்த்துப் பதில் சொல்லச் சொன்னார்கள். சாமான் தூக்குகிற ரோடிகள், அவர்கள் குடும்பத்தார், கட்டடத்தின் வாயிற்காவலர். பக்கத்து ஸ்டூடியோவில் இருந்த பால் மெக்கார்ட்னியையும் அவர் மனைவி லிண்டாவையும்கூட விடவில்லை. பீட்டில்ஸ் மெக்கார்ட்னி! வேறு யாராக இருந்தாலும் அந்தக் குரலை ஆல்பத்தில் போட்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருப்பார்கள். இவர்கள் போடவில்லை. மெக்கார்ட்னி மைக்கைக் கண்டதும் ஜாக்கிரதையாகி, நகைச்சுவையாகப் பேச முயன்றார், மனசில் இருந்ததைச் சொல்லவில்லை என்பது வாட்டர்ஸ் சொன்ன காரணம்.

அந்த இடத்தைப் பிடித்தவர் வாயிற்காவலர். ஜெரி ஓ’டிரிஸ்கல் என்ற ஐரிஷ்காரர். சாவைப் பற்றிய ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாட்டின் தொடக்கத்தில் ஒரு குரல், எனக்குச் சாக பயமில்லை, எப்போது வந்தாலும் சரி, ஏன் பயப்பட வேண்டும் என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுவது மாதிரிச் சொல்லுமே, அது அவர். ‘பிரெயின் டேமேஜ்’ பாட்டில் வருகிற அந்தக் கட்டுக்கடங்காத சிரிப்பு, குழுவின் சாலை நிர்வாகி பீட்டர் வாட்ஸுடையது. நடிகை நயோமி வாட்ஸின் அப்பா. அவர் 1976இலேயே இறந்துவிட்டார். சிரிப்பு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

யார் பேசுகிறார் என்று தெரியாததுதான் இதில் விசேஷம். பெயர் இல்லை, முகம் இல்லை. ஒரு பிரபலத்தின் குரல் இருந்திருந்தால் நாம் ஆளை அடையாளம் கண்டு சந்தோஷப்பட்டிருப்போம், சொன்னதைக் கேட்டிருக்க மாட்டோம். முகம் தெரியாத ஒருவர் சாவைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்லும்போது, நமக்கு வேண்டிய யாரோ ஒருவர் அங்கே வந்து நின்றுகொள்கிறார். எனக்கு என் தாத்தா.

இப்போது அந்தப் பெண்குரல். ரைட் எழுதிய பியானோ இசை, கார்டுகள் எல்லாம் தயார். மேலே என்ன வைப்பது என்று தெரியவில்லை. பார்சன்ஸ் ஒரு பாடகியைச் சொன்னார்: கிளேர் டோரி, வயது 25. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பாட்டு இல்லை, வரி இல்லை, மெட்டும் இல்லை. முதலில் அவர் வழக்கமான காதல் சொற்களைப் போட்டுப் பாடப் போக, சொல் வேண்டாம் என்றார்கள். சரி, என்னையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொள்கிறேன் என்று பாடினார். இரண்டரைத் தடவைக்குள் முடிந்தது. வெளியே வந்தவர், ரொம்பவும் கத்திவிட்டேனோ என்று கூச்சப்பட்டு மன்னிப்புக் கேட்டார். ஞாயிறு என்பதால் இரட்டிப்புக் கூலி, 30 பவுண்டு. ஆல்பத்தில் தன் குரல் இருப்பதே கடையில் அட்டையைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. முப்பது வருடம் கழித்து 2004இல் வழக்குப் போட்டார். 2005இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி, இன்று அந்தப் பாட்டின் இசையமைப்பாளர் இடத்தில் ரைட்டோடு அவர் பெயரும் இருக்கிறது. அது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு அந்தக் குரலை விளக்க வேண்டியதில்லை; ஏறி, உடைந்து, அடங்கி, கடைசியில் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்குச் சொல்வது மாதிரி முடியும். இதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லாததால்தான் ஆங்கிலம் தெரியாதவர்களும் இந்த ஆல்பத்தில் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

வரிகளுக்கு வருவோம். ஃப்ளாய்டின் முந்தைய பாடல்களில் விண்வெளி, கனவு, புதிர் எல்லாம் அதிகம். இதில் எல்லாப் பாட்டும் வாட்டர்ஸ் எழுதியது, சொல் எல்லாம் பள்ளிக்கூடத்துப் பையனுக்குப் புரிகிற சொல். எழுதும்போது அவருக்கு வயது இருபத்தெட்டு, இருபத்தொன்பது. வாழ்க்கை இனிமேல்தான் தொடங்கப் போகிறது, இப்போது நடப்பது அதற்கான தயாரிப்பு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்ததாகவும், அது எப்போதோ தொடங்கிவிட்டது என்று அந்த வருடம்தான் உறைத்ததாகவும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ‘டைம்’ அதைத்தான் சொல்கிறது: ஒருநாள் பார்த்தால் பத்து வருடம் பின்னால் கிடக்கிறது, எப்போது ஓடத் தொடங்க வேண்டும் என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை.

அதைப் பதினெட்டில் கேட்டபோது எனக்கு அது நல்ல கிட்டார் உள்ள பாட்டு, அவ்வளவுதான். முப்பத்தைந்து தாண்டி ஒரு நாள் இரவு பஸ்ஸில் கேட்டேன். பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு இப்போது பிடிக்கவில்லை என்றால், குறை உங்கள் காதில் இல்லை, உங்கள் வயதில் இருக்கலாம். அது கொடுத்துவைத்த குறை.

வரிகளிலும் அதே காலி இடம். போரைப் பற்றிய ‘அஸ் அண்ட் தெம்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்டர்ஸின் அப்பா இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரியில் இத்தாலியின் அன்சியோவில் செத்துப்போனார். பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். எழுத உட்கார்ந்தால் அப்பாவையே எழுதலாம். பிற்பாடு வேறு ஆல்பங்களில் எழுதவும் செய்தார். இதில் எந்தப் போர் என்றே சொல்லவில்லை. பின்னால் இருந்து ஆணையிடுகிற தளபதி, முன்வரிசையில் சாகிறவர்கள், வரைபடத்தில் அசைகிற கோடு. வியட்நாம் ஓடிக்கொண்டிருந்த வருடத்தில் அமெரிக்கர்கள் அதை வியட்நாமாகக் கேட்டார்கள். வேறு வேறு ஊர்களில் வேறு வேறு போராகக் கேட்டிருப்பார்கள். இந்தப் பாட்டின் இசை இன்னும் பழையது. இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனி 1970இல் எடுத்த ‘சாப்ரிஸ்கி பாயின்ட்’ படத்துக்காக ரைட் போட்டது. ரொம்ப சோகமாக இருக்கிறது, சர்ச் ஞாபகம் வருகிறது என்று அன்டோனியோனி வேண்டாம் என்றுவிட்டார். வேண்டாம் என்ற புண்ணியவான் வாழ்க.

பைத்தியத்தைப் பற்றிய பாட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். சிட் பாரெட். குழுவின் முதல் தலைவர், வாட்டர்ஸின் கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர். மனநிலை குலைந்துபோனதால் 1968இல் விலக நேர்ந்தது. அவரை விட்டுவிட்டு வந்த குற்ற உணர்ச்சி அந்தக் குழுவை விடவே இல்லை. பாட்டில் அவர் பெயர் வராது. புல்தரையில் ஒரு பைத்தியக்காரன் இருக்கிறான். பிறகு அவன் வீட்டுக் கூடத்தில் இருக்கிறான். பிறகு என் தலைக்குள் இருக்கிறான். பெயரைச் சொல்லியிருந்தால் அது சிட் பாரெட்டின் கதையாக நின்றிருக்கும்.

அட்டையும் அப்படித்தான். ஹிப்னாசிஸ் என்ற வடிவமைப்புக் குழுவின் ஸ்டார்ம் தோர்கர்சனும் ஆப்ரி பவலும் கொண்டுவந்த யோசனைகளில் இதைப் பார்த்த மாத்திரத்தில் நால்வரும் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்து கொடுத்தவர் ஜார்ஜ் ஹார்டி. கறுப்புப் பின்னணி, முப்பட்டகம், உள்ளே போகிற வெள்ளைக் கோடு, வெளியே வருகிற நிறங்கள். நிறங்களை எண்ணிப் பாருங்கள், ஆறுதான், கருநீலம் இல்லை. முன்னட்டையில் குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயர் இல்லை, நாலு பேர் முகமும் இல்லை. 1973இல் எடுத்த குழுப் படம் ஒன்றைப் போட்டிருந்தால் அந்தத் தலைமுடியும் பெல்பாட்டமும் இன்று சிரிப்பாக இருந்திருக்கும். உங்கள் கல்லூரியில் யாரும் அதைப் பனியனில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவு சொன்னதால் எல்லாம் கலையின் மகிமை என்று நினைத்துவிட வேண்டாம். வியாபாரமும் காலமும் கைகொடுத்தன. அதுவரை அமெரிக்காவில் ஃப்ளாய்ட் பெரிதாக விற்றதில்லை. அங்கே இவர்களை வெளியிட்ட கேப்பிட்டல் நிறுவனம் நட்டத்தில் கிடந்தது. 1971இல் அதன் தலைமைக்கு வந்தவர் நம் ஊர்ப் பக்கத்து ஆள். திருவனந்தபுரத்தில் பிறந்து, டெல்லியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்து, இந்திய கிராமபோன் கம்பெனியை நடத்திவிட்டுப் போன பாஸ்கர் மேனன். இத்தனைக்கும் ஃப்ளாய்ட் வேறு கம்பெனிக்குத் தாவ முடிவெடுத்திருந்தார்கள். கேப்பிட்டலுக்கு அவர்கள் தர வேண்டிய கடைசி ஆல்பம் இதுதான். போகிற குதிரைக்கு யார் கொள்ளு வைப்பார்கள்? மேனன் வைத்தார். வானொலி, கடை, விளம்பரம் என்று முழு பலத்தோடு தள்ளினார். இந்த ஆல்பம் அமெரிக்காவைப் பிடித்ததில் அவர் பங்கை நிக் மேசனே பிற்பாடு மனம்விட்டுப் பாராட்டியிருக்கிறார். மேனன் 2021இல் காலமானார்.

பலன் தெரிந்ததுதான். ஆனால் எண்களில் ஒரு விநோதம் உண்டு. அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் இது முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். பிரிட்டனில் அப்போது இரண்டாம் இடம்தான். ஆனால் 1988 வரை பில்போர்டு பட்டியலில் 741 வாரம் இருந்தது. விற்பனை மொத்தம் நான்கரைக் கோடிக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மழை மாதிரிக் கொட்டி ஓய்ந்த விற்பனை இல்லை, ஊற்று மாதிரிக் கசிந்துகொண்டே இருந்த விற்பனை. ஸ்டீரியோ பெட்டி நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குள் நுழைந்த வருடங்கள் அவை. புதிதாக வாங்கியவர் அதன் அருமையை விருந்தாளிக்குக் காட்ட இடமும் வலமும் ஓடுகிற காலடிச் சத்தம் தேவைப்பட்டது. ரிக்கார்டு தேய்ந்ததும் கேசட் வாங்கினார், சிடி வந்ததும் சிடி வாங்கினார். அந்த நான்கரைக் கோடியில் ஒரே ஆளே மூன்று தடவை இருக்கிறார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ‘ஆன் தி ரன்’ இன்று பழசாகிவிட்டது. பெட்டிக்குள் அடங்குகிற ஒரு சிந்தசைசரில் எட்டு சுரத்தைப் பதிந்து வேகத்தைக் கூட்டியது அன்று மாயாஜாலம். இன்று உங்கள் போனில் இருக்கிற இலவச ஆப் செய்யும். ‘எனி கலர் யூ லைக்’ நன்றாக இருக்கிறது, ஆனால் இல்லாவிட்டாலும் தேட மாட்டேன். பணத்தைக் கிண்டல் செய்கிற பாட்டால் கோடீஸ்வரர்கள் ஆனது அவர்களுக்கே கூச்சமாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பணத்தில் கொஞ்சம் ‘மான்ட்டி பைத்தான்’ நகைச்சுவைக் குழு எடுத்த ஒரு படத்துக்குப் போட்டார்கள், அது நல்ல செலவு. பங்க் இசை வந்தபோது அதன் பாடகர் ஜானி ராட்டன் ‘பிங்க் ஃப்ளாய்டை வெறுக்கிறேன்’ என்று எழுதிய பனியனோடு திரிந்தார். வயதானபிறகு, பிடிக்காது என்று சொன்னால் முட்டாள்தனம் என்று ஒத்துக்கொண்டார்.

என் கட்சிக்கு ஒரு சாட்சி 2023இல் கிடைத்தது, அதுவும் வாட்டர்ஸிடமிருந்தே. எண்பது வயதில், மற்றவர்கள் யாரும் இல்லாமல், முழு ஆல்பத்தையும் திரும்பப் பதிந்து வெளியிட்டார். கில்மரின் கிட்டார் ஆவர்த்தனங்கள் கிடையாது. ‘ஆன் தி ரன்’, ‘தி கிரேட் கிக்’ மாதிரிச் சொல் இல்லாத இடங்களில் எல்லாம் அவர் அடித்தொண்டையில் பேசிக்கொண்டே போகிறார்: கனவு, நண்பரின் சாவு, கடிதம். சில இடங்கள் நெஞ்சைத் தொடவும் செய்கின்றன. கிழவர் குரலில் ‘டைம்’ வேறு விதமாகக் கனக்கிறது. ஆனால் இரண்டாம் தடவை எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பழைய ஆல்பத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் எல்லாம் அவர் வந்து உட்கார்ந்துவிட்டார். 1973இல் இந்த ஆபத்து ஏற்கெனவே இருந்தது. ஒலிக்கலவையின்போது குரலும் சத்தங்களும் முன்னால் பளிச்சென்று, எதிரொலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வாட்டர்ஸும், எல்லாம் எதிரொலியில் கரைந்து கிடக்க வேண்டும் என்று கில்மரும் மல்லுக்கு நிற்க, கிறிஸ் தாமஸ் என்ற வெளி ஆளைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்தார்கள். இரண்டில் எது ஜெயித்திருந்தாலும் நாம் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

சரி, இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன் என்றால், சில யோசனைகள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழாமல் ஓடுகிற ஆப்பாகப் பாருங்கள். இதில் பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன, நடுவில் விளம்பரம் வந்தால் போச்சு. மொத்தம் 43 நிமிடம்தான், ஒரு சீரியல் பார்க்கிற நேரம் கொஞ்சம் கூட. விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள், அது ஒன்றும் மரியாதைக் குறைவில்லை. ஆனால் தலைகால் புரியாமல் முதலில் வந்த அந்தச் சிரிப்பு, கல்லா, கடிகாரம் எல்லாம் பின்னால் வரப்போகிற பாட்டுகளின் முன்னோட்டம் என்பது இரண்டாம் தடவை உங்களுக்குப் பிடிபடும்.

‘எக்லிப்ஸ்’ முடிந்த உடனே நிறுத்திவிடாதீர்கள். இதயத் துடிப்பு திரும்ப வரும். ஒலியைக் கூட்டி வையுங்கள். அதன் மேல் வாயிற்காவலர் ஓ’டிரிஸ்கல் மெல்லச் சொல்வது கேட்கும்: நிலவுக்கு இருண்ட பக்கம் என்று ஒன்று கிடையாது, உண்மையில் மொத்தமுமே இருட்டுதான். கேள்வி அட்டையைப் பார்த்து அன்று அவர் பேசியது அதோடு நிற்கவில்லை. அதைப் பிரகாசமாகக் காட்டுவது சூரியன் மட்டும்தான் என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தார் என்று பார்சன்ஸ் ஞாபகப்படுத்திச் சொல்லியிருக்கிறார். அந்த வாக்கியத்தை டேப்பிலிருந்து வெட்டிவிட்டார்கள்.